தேவாலயமும் விளம்பரமும்: புதியவர்களை அழைக்கும் முறைகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

1955ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், ராபர்ட் ஷுல்லர் என்ற இளம் போதகர் ஒரு திறந்தவெளித் திரையரங்கின் சிற்றுண்டிக் கடைக் கூரைமேல் ஏறி நின்று ஆராதனை நடத்தினார். காரில் உட்கார்ந்தபடியே படம் பார்ப்பதற்காக அமைக்கப்பட்ட அரங்கு அது. படத்தின் வசனத்தைக் கேட்பதற்காகக் காரின் சன்னலில் மாட்டிக்கொள்ளும் சிறிய ஒலிபெருக்கி, அன்று காலையில் பிரசங்கத்தைக் கொண்டுவந்தது. அவருடைய மனைவி அர்வெல்லா ஆர்கன் வாசித்தார். புதிய சபையைத் தொடங்குவதற்காக அவர்களுடைய திருச்சபை கொடுத்தனுப்பியிருந்த தொகை 500 டாலர். வாடகைக்கு நல்ல கூடம் எதுவும் கிடைக்காத நெருக்கடியில்தான் அவர் அந்த இடத்தைத் தேர்ந்தார். ஆனால் இருந்த குறையையே அழைப்பாக மாற்றிக்கொண்டார். வீட்டுக் காரில், இருக்கிற கோலத்திலேயே வாருங்கள் என்பதே அவருடைய விளம்பரத்தின் சாரம்.

இந்த ஒற்றை வரி என்னென்ன தடைகளை அகற்றுகிறது என்று எண்ணிப் பார்த்தால், தேவாலயங்கள் புதியவர்களை அழைப்பதற்குக் கையாளும் முறைகளின் அடிப்படை முழுவதும் பிடிபட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமைக்கென்று நல்ல உடை இல்லாதவர், அழும் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பிறர் முகம் சுளிப்பதற்கு அஞ்சும் தாய், அந்நியர் நடுவே அமரக் கூச்சப்படுகிறவர், படியேற முடியாத நோயாளி ஆகிய அனைவரும் அந்த அழைப்பில் அடங்கிவிடுகிறார்கள். உடல் செயலிழந்த மனைவியைக் காரில் அழைத்துக்கொண்டு வந்த ஒரு முதிய விவசாயியைப் பற்றி ஷுல்லர் பின்னாளில் பலமுறை பேசினார். சபைக்குச் சொந்தமாகக் கட்டடம் வந்த பிறகும் கார் ஆராதனையை அவர் நிறுத்தவில்லை. கட்டடக் கலைஞர் ரிச்சர்டு நியூட்ரா 1961இல் அவருக்குக் கட்டிக் கொடுத்த ஆலயத்தில், உள்ளே இருக்கைகளில் அமர்ந்தவர்களும் வெளியே கார்களில் இருந்தவர்களும் கண்ணாடிச் சுவரின் வழியாக ஒரே போதகரைப் பார்க்க முடிந்தது.

சந்தைப்படுத்தல் என்ற சொல்லை வழிபாட்டோடு சேர்த்துக் கேட்கும்போது பலருக்கு மனம் சுருங்குகிறது. விற்பனைக்கு வைக்கக்கூடாத ஒன்றைக் கடைவீதிக்குக் கொண்டுவருவதுபோல அது ஒலிப்பதால் அந்தத் தயக்கம் நியாயமானதே. ஆனால் அச்சொல்லின் கீழ் நடைபெறும் வேலை உண்மையில் நான்கு கேள்விகளுக்கு விடை தேடுவதுதான். வராதவர் யார்? அவர் ஏன் வருவதில்லை? அவரைத் தடுக்கும் காரணங்களில், சபையின் நம்பிக்கையைத் தொடாமல் அகற்றக்கூடியவை எவை? அவற்றை அகற்றிவிட்டோம் என்ற செய்தி அவருக்கு எப்படிப் போய்ச் சேரும்? சுவரொட்டி, தொலைக்காட்சி விளம்பரம், சமூக ஊடகப் பதிவு என்று நம் கண்ணில் படுபவை எல்லாம் நான்காவது கேள்விக்கான விடைகள். முதல் மூன்றுக்கும் விடை காணாமல் நான்காவதில் பணத்தைக் கொட்டுவதுதான் சபைகள் வழக்கமாகச் செய்யும் பிழை.

இந்த வேலை புதிதன்று. 1739ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு என்ற போதகர், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கு அருகிலுள்ள கிங்ஸ்வுட்டில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடையே திறந்தவெளியில் நின்று பிரசங்கித்தார். ஆலயத்துக்கு வராதவர்களிடம் பிரசங்கம் போனது அன்று பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது. மெதடிஸ்ட் இயக்கத்தை நிறுவிய ஜான் வெஸ்லியே முதலில் தயங்கி, சில வாரங்களுக்குப் பிறகுதான் அதே வழியில் இறங்கினார். தம் கூட்டங்களைப் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் வரும்படி பார்த்துக்கொண்டதிலும் ஒயிட்ஃபீல்டு முன்னோடி. அடுத்த நூற்றாண்டில் வில்லியம் பூத் தொடங்கிய இரட்சணிய சேனை, தெருமுனைகளில் பித்தளை வாத்தியங்களை முழக்கி, மக்கள் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்த மெட்டுகளில் பக்திப் பாடல்களைப் பாடியது. அச்சேனை 1882இல் பம்பாய்க்கு வந்தபோது, அதற்குத் தலைமையேற்ற பிரெடரிக் டக்கர் என்ற முன்னாள் ஆங்கிலேய அரசு அதிகாரி காவி உடுத்து, இந்தியப் பெயர் ஒன்றையும் சூடிக்கொண்டார்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேர்ந்த புதிய கூறு, வராதவர்களையே தேடிச் சென்று காரணம் கேட்பது. ஷுல்லர் கலிஃபோர்னியாவில் வீடு வீடாக மணியடித்து இதைச் செய்தார். சிகாகோ நகரின் புறநகர்ப் பகுதியில் பில் ஹைபல்ஸும் அவருடைய நண்பர்களும் கதவு கதவாகத் தட்டி, தேவாலயத்துக்குப் போகாதவர்களிடம் ஏன் போவதில்லை என்று கேட்டபோது, எப்போதும் பணம் கேட்கிறார்கள், சலிப்பாக இருக்கிறது, எங்கள் அன்றாட வாழ்க்கைக்கும் அங்கே பேசப்படுவதற்கும் தொடர்பில்லை என்ற விடைகளே மிகுதியாக வந்தன. கடவுளை மறுப்பதாகச் சொன்னவர்கள் மிகுதியாக இருந்திருந்தால் ஒரு போதகர் எடுத்துக்கொள்ள வேண்டிய வழி வேறாக இருந்திருக்கும். இங்கே சொல்லப்பட்ட காரணங்கள் எல்லாம் நிகழ்ச்சியின் வடிவத்தைப் பற்றியவை. மனம் வைத்தால் மாற்றக்கூடியவை.

அவர்கள் 1975 அக்டோபரில் வில்லோ கிரீக் என்ற திரையரங்கை வாடகைக்கு எடுத்து ஆராதனையைத் தொடங்கினார்கள். அரங்கின் பெயரே சபையின் பெயராயிற்று. ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியைப் புதியவர்களுக்கென்றே வடிவமைத்து, அன்றைய இசை, சிறு நாடகம், வேலை, மணவாழ்வு, குழந்தை வளர்ப்பு போன்றவற்றைத் தொட்டுப் பேசும் பிரசங்கம் என்று அமைத்தார்கள். விருந்தினராக வந்தவர்கள் காணிக்கை தர வேண்டியதில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். ஏற்கெனவே நம்பிக்கையில் ஊன்றியவர்களுக்கான ஆழமான போதனையும் வழிபாடும் வார நடுவில் தனியே நடந்தன. தேடுவோருக்கான ஆராதனை என்று இன்று உலகெங்கும் அறியப்படும் வடிவம் இவ்வாறுதான் பரவியது. ஒரே கூட்டத்தில் இருவருக்கும் பரிமாற முயன்றால் இருவருமே பசியோடு திரும்புவார்கள் என்ற கணிப்பு அதன் அடியில் இருந்தது.

போதகர் ரிக் வாரன் இதே பாடத்தைத் தெற்குக் கலிஃபோர்னியாவின் சேடில்பேக் பள்ளத்தாக்கில் கையாண்டார். வீடு வீடாகப் பேசி அறிந்ததை வைத்து, வழக்கமான ஆராதனைகளில் நம்பிக்கை இழந்தவர்களுக்கான புதிய சபை இது என்று தெளிவாகச் சொல்லும் கடிதம் ஒன்றை எழுதி, அவ்வட்டாரத்து வீடுகளுக்கு ஆயிரக்கணக்கில் அஞ்சலில் அனுப்பினார். 1980ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று ஓர் உயர்நிலைப் பள்ளியின் அரங்கில் நடந்த முதல் ஆராதனைக்கு 205 பேர் வந்தார்கள். அந்தக் கடிதம் எல்லாரையும் அழைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முன்பு ஆலயத்துக்குப் போய், மனம் வெறுத்து நின்றுவிட்ட ஒருவர் தன்னை நோக்கியே எழுதப்பட்டது என்று உணரும்படி அது எழுதப்பட்டிருந்தது. 'அனைவரும் வருக' என்ற பொதுவான வரியைத் தனக்கானதாக எடுத்துக்கொள்பவர் மிகச் சிலரே.

கடிதத்தைப் படித்து ஒருவர் வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இதுவரை பார்த்ததெல்லாம் அவரை வாசல்வரை கொண்டுவந்து விடும். அதன் பிறகு வரும் பத்து நிமிடங்கள் சபையின் கையில் இருக்கின்றன. நம் ஊர்த் தேவாலயம் ஒன்றில் முதன்முறையாக நுழையும் ஒருவரின் இடத்தில் நின்று பாருங்கள். வண்டியை எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியாது. செருப்பை வெளியே விட வேண்டுமா, ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பக்கங்களில் அமர வேண்டுமா என்பதை அடுத்தவரைப் பார்த்தே ஊகிக்கிறார். சுவரில் மாட்டிய பலகையில் வரிசையாக எண்கள் தெரிகின்றன. அவை அன்று பாடப்போகும் பாடல்களின் எண்கள், அவற்றில் சில பாமாலை என்ற பாடல் நூலுக்கும் சில கீர்த்தனை நூலுக்கும் உரியவை என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. எல்லாரும் எழுந்து நிற்கும்போது தாமதமாக எழுகிறார். எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தின்போது உதடு அசையாமல் நிற்கிறார். காணிக்கைப் பை அவரை நோக்கி நகர்ந்து வரும்போது, எவ்வளவு போட வேண்டும், போடாவிட்டால் என்ன நினைப்பார்கள் என்ற கவலையில் அதுவரை கேட்டதெல்லாம் மறந்துபோகிறது. அந்தச் சபையில் ஒருவரும் அவரிடம் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. ஆயினும் இது உனக்குரிய இடமன்று என்று அவரிடம் ஐந்தாறு முறை சொல்லாமல் சொல்லியாயிற்று.

பரம்பரையாக ஆலயத்தில் வளர்ந்தவர்கள் இந்தக் காட்சியைத் தாமாகக் காண முடியாது. அவர்களுக்கு அந்த எண்பலகை மூச்சுவிடுவதுபோல இயல்பானது. புதியவர்களை வரவேற்பதில் தேர்ந்த சபைகள் செய்பவை மிகச் சிறிய காரியங்கள். வாசலில் ஒருவர் நின்று உள்ளே அழைத்துவந்து பக்கத்தில் அமர்கிறார், பாடல் வரிகள் திரையில் வருகின்றன, இப்போது என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்பதை நடத்துபவர் ஓரிரு வாக்கியங்களில் சொல்கிறார், காணிக்கை தருவது உறுப்பினர்களின் பொறுப்பு மட்டுமே என்று அறிவிக்கிறார். இதற்கெல்லாம் பெரிய செலவு ஏதும் இல்லை. விளம்பரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு ரூபாயைச் செலவிடும் முன்பு இவற்றைச் சீர்செய்வதே முறை என்பது என் உறுதியான கருத்து.

வராதவர்கள் ஞாயிறு காலையில் ஆலயத்துக்குத்தான் வர வேண்டுமா என்ற கேள்வியும் உண்டு. லண்டனின் ஹோலி டிரினிட்டி பிராம்டன் ஆலயத்தில் 1977இல் தொடங்கிய ஆல்ஃபா பாடத்திட்டம் அதற்கு வேறு விடை தந்தது. புதிய விசுவாசிகளுக்கான அடிப்படை வகுப்பாக இருந்த அதை, 1990இல் பொறுப்பேற்ற நிக்கி கம்பல், ஆலயத்துக்கே பழக்கமில்லாதவர்களுக்காகத் திருத்தி அமைத்தார். முதலில் சேர்ந்து உண்பது, பிறகு ஒரு சிறிய உரை, அதன் பிறகு சிறு குழுவாக அமர்ந்து எந்தக் கேள்வியையும் கேட்பது என்பதே அதன் வரிசை. உணவு முதலில் வருவது தற்செயலன்று. ஒரே மேசையில் சாப்பிட்டவரிடம் மறுப்பையும் ஐயத்தையும் சொல்வது எளிது. இன்று கத்தோலிக்கர் உட்படப் பல திருச்சபையினரும் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

நூதனமான முயற்சிகளில் அண்மைக் காலத்தில் மிகவும் பேசப்பட்டது இங்கிலாந்தின் நாரிச் பேராலயத்தில் நடந்தது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில், நார்மானியர் காலத்து அந்தப் பேராலயத்தின் நடுக்கூடத்துக்குள்ளேயே, திருவிழாக்களில் நாம் காணும் ராட்டினங்களைப் போன்ற வண்ணங்களுடன், சுமார் 55 அடி உயரச் சறுக்குக் கோபுரம் ஒன்றை நிறுத்தினார்கள். உள்ளே படியேறி உச்சிக்குப் போய், ஒரு பாயின்மேல் அமர்ந்து, கோபுரத்தைச் சுற்றி வளைந்து இறங்கும் சறுக்கில் கீழே வரலாம். கட்டணம் 2 பவுண்டு. இதற்குக் காரணமும் ஒன்று இருந்தது. அப்பேராலயத்தின் விதானத்தில், வளைவுகள் ஒன்றுகூடும் இடங்களில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்ணக் கற்சிற்பங்கள் பதிக்கப்பட்டுள்ளன; நடுக்கூடத்தின் சிற்பங்கள் படைப்பு முதல் இறுதித் தீர்ப்பு வரையிலான வேதாகமக் கதையைச் சொல்கின்றன. தரையில் நிற்பவருக்கு அவை தெளிவற்ற புள்ளிகள். அங்கே பணியாற்றிய குருவானவர் ஆண்டி பிரையண்ட், வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்து விதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தம் ஆலயத்து விதானத்துக்கு அருகே மக்களைக் கொண்டுசெல்வது எப்படி என்று யோசித்ததில் பிறந்த எண்ணம் இது.

எதிர்ப்பு கடுமையாக எழுந்தது; புனிதமான இடத்தைப் பொழுதுபோக்குக் கூடமாக்கிவிட்டார்கள் என்று குருமார் சிலரே குற்றம் சாட்டினார்கள். நிறைவு நாளான ஞாயிறன்று லின் பகுதிப் பேராயர் ஜோனத்தன் மெய்ரிக் அந்தச் சறுக்கின் நடுவே அமர்ந்தபடி அருளுரை வழங்கினார். அதே கோடையில் ராச்செஸ்டர் பேராலயத்தின் நடுக்கூடத்தில், பாலங்களின் மாதிரிகளை வைத்து, ஒன்பது குழிகள் கொண்ட சிறிய கோல்ஃப் விளையாட்டு அமைக்கப்பட்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பலர் எழுதினார்கள். எனக்கு அவை வேறுபட்டவையாகவே தெரிகின்றன. நாரிச்சில் ஏறியவர் உச்சியில் எதைப் பார்த்தாரோ அதுவே அந்த ஆலயம் சொல்ல விரும்பிய செய்தி. ராச்செஸ்டரில் மனிதருக்கிடையே பாலம் அமைப்பதைப் பற்றிச் சிந்திக்கவைப்பதே நோக்கம் என்று சொல்லப்பட்டாலும், பந்தைத் தட்டிக்கொண்டிருக்கும் சிறுவனிடம் அந்தச் சிந்தனையை யாராவது எடுத்துச் சொன்னால்தான் உண்டு. கவனத்தை ஈர்க்கும் பொருளுக்கும் சொல்லவந்த செய்திக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதே இப்படிப்பட்ட முயற்சிகளை எடைபோட நான் நம்பும் அளவுகோல்.

இதே அளவுகோலில் 1999ஆம் ஆண்டு ஈஸ்டருக்காகப் பிரிட்டனில் ஒட்டப்பட்ட சுவரொட்டி ஒன்றையும் வைத்துப் பார்க்கலாம். சே குவேராவின் புகழ்பெற்ற படத்தின் பாணியில், சிவப்புப் பின்னணியில், முள்முடி சூடிய இயேசுவின் முகத்தைத் தீட்டி, அவர் சாதுவானவர், மென்மையானவர் என்பதைக் கேள்விக்குள்ளாக்கும் வாசகத்தை அதன்கீழ் எழுதியிருந்தார்கள். நாடே அதைப் பற்றி வாதிட்டது. இயேசுவைப் பற்றிய பழகிப்போன சித்திரத்தைக் கலைப்பதே நோக்கம் என்ற அளவில் அது வென்றது. ஆனால் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு ஆர்வத்தோடு தன் தெருமுனை ஆலயத்துக்குப் போன ஒருவர் அங்கே கண்டது, மேலே நாம் பார்த்த அதே எண்பலகையும் காணிக்கைப் பையுமாக இருந்திருந்தால், சுவரொட்டி கொடுத்த வாக்கை ஆலயம் காப்பாற்றவில்லை என்றே ஆகும்.

மான்செஸ்டர் திருமண்டலத்தில் 2004இல் தொடங்கி, பிறகு பல நாடுகளுக்குப் பரவிய 'ஆலயத்துக்குத் திரும்பும் ஞாயிறு' என்ற முயற்சி, நேரெதிரான முனையிலிருந்து புறப்பட்டது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒருவரை ஒரு குறிப்பிட்ட ஞாயிறன்று உடன் அழைத்துவர வேண்டும் என்பதே அதன் முழுத் திட்டம். கேட்பதற்கு மிக எளிது. நடைமுறையில் சபையாருக்கு இதுவே பெரும் அச்சத்தைத் தருகிறது. மறுத்துவிடுவாரோ, நட்பு கெடுமோ என்ற தயக்கத்தில், ஆண்டுக்கணக்கில் பக்கத்து வீட்டாரிடம் ஒரு சொல் கேட்காதவர்கள் உண்டு. சுவரொட்டிக்குப் பணம் கொடுக்க முன்வருவதற்கும் இந்தத் தயக்கம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

புதியவர்களுக்காக வடிவத்தை மாற்றுவதைப் பற்றித் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குப் பிறர் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), ஐரோப்பிய மெட்டுகளில் மொழிபெயர்ப்புப் பாடல்கள் ஒலித்துக்கொண்டிருந்த காலத்தில், குறத்தி குறிசொல்லும் குறவஞ்சி வடிவத்தை எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி'யைப் படைத்தார். இராகதாளத்தோடு கதாகாலட்சேபமாகவே நற்செய்தியை நிகழ்த்தினார். கேட்பவருக்கு வடிவம் முன்பே பழகியிருந்ததால், பொருள் மட்டுமே புதிதாக இருந்தது. தென்மாவட்டச் சபைகளில் நடைபெறும் அசனவிழாவையும் இதே கண்ணோடு பார்க்கலாம். பெரிய அண்டாக்களில் சோறும் குழம்பும் கொதிக்க, ஊரே பந்தியில் அமர்ந்து உண்ணும் அந்த நாளில், ஆலய வளாகத்துக்குள் ஒருபோதும் காலெடுத்து வைக்காத அயலாரும் கூச்சமின்றி வந்து அமர்கிறார்கள்.

எதிர்வாதங்களில் வலுவானவற்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். முதலாவது, வராதவரின் விருப்பத்தைக் கேட்டுக் கேட்டு வடிவத்தை மாற்றுகிறவர், ஒரு கட்டத்தில் செய்தியையும் மாற்றத் தொடங்குவார் என்பது. பாவம், மனந்திரும்புதல், சிலுவை சுமத்தல் போன்ற கடினமான சொற்கள் மெல்ல மெல்லப் பிரசங்கத்திலிருந்து நழுவி, குடும்ப மகிழ்ச்சிக்கான அறிவுரைகள் மட்டுமே எஞ்சுவதைப் பல சபைகளில் காண முடிகிறது. இரண்டாவது, எண்ணிக்கை பெருகுவது வளர்ச்சியாகிவிடாது என்பது. இதற்கான சான்றை வில்லோ கிரீக் சபையே தந்தது. 2007இல் அது வெளியிட்ட ஆய்வு, சபை நிகழ்ச்சிகளில் ஒருவர் மேலும் மேலும் பங்கேற்பதால் மட்டும் கடவுள்மீதும் அயலார்மீதும் அவருடைய அன்பு வளர்ந்துவிடுவதில்லை என்றும், ஆழமாக ஊன்றிய உறுப்பினர்களில் பலர் நிறைவின்றி இருக்கிறார்கள் என்றும் காட்டியது. முப்பது ஆண்டுக்கால உழைப்பின் அடிப்படையையே அசைக்கும் முடிவைத் தாமே பொதுவெளியில் வைத்த அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

மூன்றாவது வாதத்தை நம் ஊரில் ஆடு திருடுதல் என்று கசப்போடு சொல்வார்கள். கவர்ச்சியான இசைக்குழுவும் குளிரூட்டிய அரங்கும் உள்ள சபை நிரம்பும்போது, அங்கே வந்தவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே புதியவர்கள், எத்தனை பேர் பக்கத்துத் தெருச் சபையைவிட்டு மாறி வந்தவர்கள் என்று எண்ணிப் பார்க்காமல் வெற்றியை அறிவிக்க முடியாது. இவற்றோடு, வறுமையிலோ நோயிலோ துயரத்திலோ இருப்பவரை அழைக்கும்போது, உதவியைத் தூண்டிலாக்குவதும், நடக்காததை நடக்கும் என்று வாக்களிப்பதும் கூடவே கூடாது. எதற்காக அழைக்கிறோம் என்பதை முதல் அழைப்பிலேயே மறைக்காமல் சொல்வதும், வேண்டாம் என்று சொல்பவரை அந்த விடையோடு நிம்மதியாக விட்டுவிடுவதும், இந்தத் துறையில் விட்டுக்கொடுக்க முடியாத எல்லைகள்.

ஷுல்லருடைய சபையின் பிற்கால வரலாறு இந்த எல்லாக் கேள்விகளையும் தன்னுள் கொண்டிருக்கிறது. 1970இல் தொடங்கிய தொலைக்காட்சி நிகழ்ச்சி அவரை உலகெங்கும் கொண்டுசென்றது. 1980இல் கார்டன் குரோவ் நகரில், பிலிப் ஜான்சன் வடிவமைத்த, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிப் பலகைகளால் ஆன 'கிறிஸ்டல் கதீட்ரல்' என்ற படிகப் பேராலயம் எழுந்தது. கிறிஸ்துமஸ் நாடகங்களில் உயிருள்ள ஒட்டகங்கள் நடந்தன. தேவதூதர்கள் கம்பிகளில் தொங்கியபடி மக்களின் தலைக்குமேல் பறந்தார்கள். பிறகு தலைமை யாருக்கு என்ற குடும்பச் சச்சரவும், குறைந்துபோன நன்கொடைகளும் சேர்ந்து அச்சபையைக் கடனில் ஆழ்த்த, 2010 அக்டோபரில் அது திவால் மனு அளித்தது. ஆரஞ்சு கத்தோலிக்க மறைமாவட்டம் 5 கோடியே 75 லட்சம் டாலருக்கு வளாகத்தை வாங்கி, உட்புறத்தைத் திருத்தி அமைத்து, 2019 ஜூலையில் கிறிஸ்து பேராலயமாக அர்ப்பணித்தது. இப்போது அங்கே ஒட்டகங்கள் இல்லை. 1975க்குப் பிறகு போரிலிருந்து தப்பி வந்து அந்த வட்டாரத்தில் பெருமளவில் குடியேறிய வியட்நாமியக் குடும்பங்களுக்காக வியட்நாமிய மொழியிலும், மற்றவர்களுக்காக ஸ்பானிய, சீன, ஆங்கில மொழிகளிலும் திருப்பலி நடைபெறுகிறது.